மாப்பிள்ளைக்கு ஒரு சினிமாத் துப்பாக்கி

மலாயாவிலிருந்து ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் கல்யாணத்துக்கு ஏறுவார்கள், கருமாதிக்கு ஏறுவார்கள், பங்காளி வழக்குக்கு ஏறுவார்கள். நான் துப்பாக்கி வாங்க ஏறினேன். அதுவும் எனக்கில்லை, தங்கை புருஷனுக்கு.

தங்கை ராஜம்மா அஞ்செட்டிப் பக்கம் காட்டோரமாக ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் சொல்லச் சொல்ல உள்ளூர் வாத்தியார் எழுதிய கடிதம் ஈப்போவில் எனக்குக் கிடைத்தது. "அண்ணா, உன் மாப்பிள்ளைக்கு மாசக்கணக்கா மனுப் போட்டுத் துப்பாக்கி லைசென்ஸ் வந்திருச்சு. ஐப்பசி முடியறதுக்குள்ள வாங்கலைன்னா ரத்தாயிடுமாம். போன வருஷம் ராகியை மொத்தமாப் பன்னி தின்னுட்டுப் போயிடுச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா கொல்லையை வித்துட்டுக் கூலிக்குத்தான் போகணும். இந்த மனுசன் என்னடான்னா சினிமாவுல பாத்த துப்பாக்கிதான் வேணும்னு நிக்கிறாரு. நீ காட்டுல இருக்கறவன், துப்பாக்கி தெரிஞ்சவன். வந்து நல்லதா ஒண்ணு வாங்கிக் குடு."

இதில் இரண்டு தவறு. நான் இருப்பது காட்டில் இல்லை, ரப்பர் தோட்டத்தில். துப்பாக்கியும் எனக்குத் தெரியாது. கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போன நாளிலிருந்து எங்கள் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, முள்கம்பிக்குப் பின்னால் காவல்காரன், காவல்காரன் தோளில் துப்பாக்கி என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் கிராணி, தோட்டத்துக் குமாஸ்தா. காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடுகிறவன். எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் முதலில் நுழைகிற ஆள் நான்தான்.

சினிமாவும் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கள் சின்னத் துரை லண்டனிலிருந்து வந்த புதிதில் பதவிசாகத் தோளில் நீளத் துப்பாக்கி மாட்டிக்கொண்டு திரிந்தார். ஈப்போவில் குதிரைக்காரப் படம் ஒன்று ஓடியது. அதைப் பார்த்த மறுநாளே கைத்துப்பாக்கியைத் தொடை வரைக்கும் தொங்கவிட்டுக்கொண்டார். ஒரு நாள் கண் மூடித் திறப்பதற்குள் உருவிக் காட்டுகிறேன் என்று உருவி, தம் பூட்ஸையே சுட்டுக்கொண்டார். கால் பெருவிரல் தப்பியது எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமி புண்ணியம். படித்த வெள்ளைக்காரன் கதியே இது என்றால், என் மாப்பிள்ளை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேதான் மூன்று மாத லீவு எழுதிக் கொடுத்தேன்.

ஓசூரில் பஸ்ஸைவிட்டு இறங்கினால் குளிர் கன்னத்தில் அறைந்தது. நான் மல்ஜிப்பாவோடு வந்தவன். அங்கே எல்லாரும் கம்பளிக்குள் இருந்தார்கள். அந்தக் கம்பளிக் கூட்டத்திலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். மாப்பிள்ளை முனிரத்தினம். பெரிய மீசை, பெரிய தொந்தி, முகத்தில் மட்டும் குழந்தைக் களை. கம்பளிக்கு மேலே பூணூல் போட்டதுபோல் குறுக்காக ஒரு தோல் பெல்ட்டு. பெல்ட்டில் தோட்டா செருகுவதற்கு வரிசையாக வளையம். கீழே ஒரு தோல் உறை. உறைக்குள் ஒன்றுமில்லை.

"வந்துட்டீங்களா மச்சான்! கப்பல்ல தல சுத்துச்சா?"

"அது இருக்கட்டும். இது என்ன மாப்பிள்ளை?"

"உறைங்க. கிஷ்ணகிரியில சொல்லித் தெச்சது. படத்துல எப்டி இருந்துச்சோ அப்டியே தெச்சிருக்கான் பாருங்க."

"குதிரை வாங்குவதற்கு முன்னால் லாடம் வாங்கியிருக்கிறீர்களே!"

"லாடம் இருந்தாக் குதிர தானா வரும் மச்சான்."

பெல்ட்டை ஏன் இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டிருக்கிறார் என்று கேட்டேன். எட்டவில்லை என்றார். தம் தொந்தியை மறந்து அளவு கொடுத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். அதைச் சொல்லிச் சிரித்தேன். அவரும் கூடச் சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஓட்டலில் தோசை தின்றோம். ஒரே பந்தியில் ஒருவர் தெலுங்கில் சட்னி கேட்டார், ஒருவர் கன்னடத்தில் சாம்பாரைக் குறை சொன்னார், பரிமாறுகிறவர் இரண்டு பேருக்கும் தமிழில் பதில் சொன்னார். யாருக்கும் எதுவும் வினோதமாகப் படவில்லை. ஈப்போவில் சீனக் கடையில் மலாய் பேசி இட்லி கேட்கிற எனக்கு அது சொந்த வீடு மாதிரி இருந்தது. காப்பிதான் கொஞ்சம் ஏமாற்றம். எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாகத் தொண்டையில் இறங்கி, 'எழுந்திரு' என்று அதட்டும். இது 'இன்னும் கொஞ்சம் தூங்கேன்' என்று கெஞ்சியது.

மாப்பிள்ளை இடுப்பிலிருந்து லைசென்ஸை எடுத்தார். இங்கிலீஷ் காகிதம். அவருக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தேன். பயிர்ப் பாதுகாப்புக்காக நீளக் குழல் தோட்டாத் துப்பாக்கி ஒன்று. அவ்வளவுதான். நாலு வரி பார்த்தால் நாற்பது வரியும் தெரிந்துவிட்டதாக நினைப்பது கிராணிப் புத்தி. மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"கைத்துப்பாக்கி கிடையாது மாப்பிள்ளை. நீளத் துப்பாக்கிதான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கேட்டுப் பாக்கறதுல என்னாங்க தப்பு? பெங்களூர்ல கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்கான். சின்னது. நான் பாத்தேன்."

அஞ்செட்டிக்குப் போகிற ஒரே பஸ் மறுநாள்தான் கிடைத்தது. வழியில் யானைச் சாணத்தைப் பார்த்ததும் டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, இறங்கி, காலால் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறிவிட்டது என்று அறிவித்த பிறகு பஸ் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் சாலையில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பயம்.

வழி நெடுக மாப்பிள்ளை சினிமாக் கதைதான் சொன்னார். எல்லாம் ஒரே படம். டூரிங் கொட்டகையில் பார்த்தாராம். குதிரை மேல் ஒருத்தி வருகிறாள். எதிரிகள் அவளைப் பிடித்து இடது கையை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அவள் வலது கையால் இடுப்பிலிருந்து சின்னத் துப்பாக்கியை உருவி டப் டப் என்று அத்தனை பேரையும் சாய்த்துவிடுகிறாள். "ஒத்தக் கையில மச்சான்! ஒத்தக் கை!" என்று என் தொடையில் தட்டினார். மூன்றாம் தடவை சொல்லும்போது நான் தூங்குவதுபோல் நடித்தேன்.

ராஜம்மா வாசலில் நின்றிருந்தாள். பதினான்கு வருஷம் ஆகிறது. கட்டிப்பிடித்து அழுவாள் என்று எதிர்பார்த்துக் கண்ணைத் தயாராக வைத்திருந்தேன். அவள், "கூட்டிட்டு வந்துட்டாரா, வழியில சினிமாக் கொட்டாய் எதுவும் இல்ல போல" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தாள். வலது கையால் மட்டும் எடுத்து வந்தாள். இடது கை முந்தானைக்குள் இருந்தது.

களி கிண்டியிருந்தாள். ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. மென்றேன். மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச முடியாமல் நான் விழித்ததைப் பார்த்து ராஜம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்போதுதான் முந்தானை விலகிக் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு கோணலாகக் கூடியிருந்தது. விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை.

"போன வருஷம் காவல் பரண்லேர்ந்து விழுந்துட்டேண்ணா. கட்டுக் கட்டினாங்க, சரியாக் கூடல. அதனால என்ன, தகரம் தட்ட ஒரு கை போதும்."

அவர்களுக்கு மானாவாரி நிலமாக இரண்டு கொல்லை. மேல்கொல்லை காட்டை ஒட்டி, கீழ்க்கொல்லை ஓடையை ஒட்டி. நடுவே அரை மைல் பாறையும் முள்ளும். ராகி பால் பிடித்துவிட்டால் அறுக்கிற வரைக்கும் கொல்லைக்கு ஒருவர் பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்ட வேண்டும். மேலே அவள், கீழே அவர். ஆள் வைத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் ஊரில் எல்லாருக்கும் அவரவர் கொல்லை இருக்கிறது, எல்லாருக்கும் அதே பன்றிகள்தான். ஓடைப் பக்கம் ஏன் நீ போகக் கூடாது என்றேன். அங்கேதான் யானை தண்ணீர் குடிக்க இறங்கும் என்றாள். இந்த வருஷம் கதிர் நன்றாக வந்திருந்தது. ஒன்றைக் கிள்ளி நசுக்கிக் காட்டினாள். வெள்ளையாகப் பால் வந்தது.

"பன்னிக்கு இது தெரியும்ணா. தேதி வெச்சுக்கிட்டு வரும். தகரச் சத்தமெல்லாம் அதுங்களுக்குப் பழகிப்போச்சு. இப்ப நின்னு கேட்டுட்டுத் திங்குது. அந்த மனுசன வெளையாட்டுச் சாமான் வாங்க விட்டுடாத. உன்னத்தான் நம்பியிருக்கேன்."

நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். எனக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம்.

பெங்களூர்ப் பயணத்தைப் பற்றி எழுதாமல் விட்டால் நல்லது. ஆனால் நடந்தது நடந்ததுதான். அகலத் தெருக்கள், புல்வெளி, குதிரை வண்டி, அப்புறம் மாப்பிள்ளை சொன்ன அந்தக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று கைத்துப்பாக்கி இருந்தது. கடைக்காரர் கோட்டுப் போட்டிருந்தார். லைசென்ஸின் முதல் பக்கத்தில் அரைக் கண் ஓட்டினார். "இது மெட்ராஸ் ராஜ்யத்துக் காகிதம். நீங்கள் நிற்பது மைசூர் ராஜ்யம். உங்கள் ஜில்லாவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அவருடைய ராஜ்யம் ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆரம்பிக்கிறது. ஆனால் காகிதத்துக்குக் கூப்பிட்டால் கேட்காது. அதையும் நான்தான் முதலிலேயே வாசித்திருக்க வேண்டும். ஒரு நாள் வீண். ஐப்பசி முடிய இரண்டு நாள்தான் பாக்கி. ஊருக்குப் போகாமல் நேராகக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினோம்.

திரும்பும்போது எல்லையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மெட்ராஸில் மதுவிலக்கு, மைசூரில் இல்லை. அதனால் இந்தப் பக்கம் வருகிற ஒவ்வொரு வாயையும் முகர்ந்து பார்க்கிற உத்தியோகம் ஒன்று அங்கே உண்டு. எங்கள் தோட்ட வாசலில் காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். இங்கே சீசாவைத் தேடினார்கள். கான்ஸ்டபிள் மாப்பிள்ளையின் பெல்ட்டைப் பார்த்ததும் கண் அகலமானார்.

"இதுல என்னய்யா வெச்சிருந்த?"

"ஒண்ணும் வெக்கலீங்க. இனிமேத்தான் வெக்கணும்."

"கால் பாட்டிலுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரியில்ல இருக்குது! ஊது."

மாப்பிள்ளை ஊதினார். கொள்ளுக் கடைசல் வாசனை வந்திருக்க வேண்டும். கான்ஸ்டபிள் பின்னால் நகர்ந்துகொண்டார். பக்கத்து சீட்டுக் கன்னடக்கார அம்மாள், "பாவம், மனுஷனுக்கு இடுப்பிலும் ஒன்றுமில்லை, வயிற்றிலும் ஒன்றுமில்லை" என்று தன் மகளிடம் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் அந்த உறையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

சூளகிரி தாண்டியதும் பஸ் இருமியது. குருபரப்பள்ளிக்கு அரை மைல் இருக்கும்போது படுத்துவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். தள்ளுகிறபோது ஜாதி, பாஷை, வேட்டி, கால்சராய் என்ற வித்தியாசமெல்லாம் போய்விடுகிறது. கண்டக்டர் மட்டும் தள்ளாமல், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பாடிக்கொண்டு வந்தார். எங்கள் தோட்டத்துத் துரை நினைவு வந்தது.

குருபரப்பள்ளி டீக்கடையில் வேர்க்கடலையும் சுடச்சுடப் போண்டாவும் கிடைத்தன. அங்கே ஒரு லாரிக்காரர் தெலுங்கில் கூட்டம் சேர்த்து, அதே படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஆறு குண்டுத் துப்பாக்கி அது. நான் விரல் விட்டு எண்ணினேன், அவள் பத்தொன்பது பேரைச் சுட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குண்டு போடவில்லை. அந்த மாதிரி ஒரு பெட்ரோல் டாங்கி எனக்குக் கிடைக்குமா?" கூட்டம் ஆரவாரித்தது. நான் மாப்பிள்ளையை இடித்தேன். "கேட்டீர்களா? ஆறில் பத்தொன்பது!"

"நான் எண்ணலீங்க மச்சான்," என்றார். "நான் அந்தக் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் காலையில் கிருஷ்ணகிரிக் கடைவீதியில் இருந்தோம். துப்பாக்கிக் கடை என்றால் பெங்களூர் மாதிரி கண்ணாடிப் பெட்டி இல்லை. சந்தனம், ஊதுபத்தி, அத்தர் விற்கிற கடைக்குப் பின்கட்டில் ஒரு அறை. சுவரோரம் ஏழெட்டுத் துப்பாக்கிகள் குடை மாதிரிச் சாத்திவைக்கப்பட்டிருந்தன. எதிர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு நிலைக்கண்ணாடி. கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"வாங்க, வாங்க. என்ன படம்?"

நான் விழித்தேன். பாய் சிரித்துக்கொண்டே விளக்கினார். கொட்டகையில் என்ன படம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் தாம் கடை திறப்பதில்லையாம். ராஜா ராணிப் படம் வந்தால் தந்தப் பிடி வைத்தது கேட்பார்கள். வேட்டைப் படம் வந்தால் இரட்டைக் குழல். இந்த ஒற்றைக் கைக்காரி படம் வந்ததிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் சின்னதாகக் கேட்கிறான். மிராசுதார் ஒருவர், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, இதைச் சுடும்போது பின்னணிச் சங்கீதம் வருமா என்று கேட்காத குறைதானாம்.

"சரி, எடுத்துப் பாருங்க," என்றார்.

நான் துப்பாக்கி தெரிந்தவன் அல்லவா? நேராகப் போய் இருப்பதிலேயே பளபளப்பான இரட்டைக் குழலை எடுத்தேன். பூ வேலை செய்த வெள்ளித் தகடு பதித்தது. நல்ல கனம். தோளில் சாய்த்துப் பார்த்தேன். இடுப்போடு வைத்துப் பார்த்தேன். ஒரு காலை முன்னால் வைத்து, கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தைக் கொஞ்சம் நெரித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றாகத்தான் இருந்தேன்.

"இதுதான் மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்," என்று திரும்பினால், மாப்பிள்ளை மூலையில் குந்தியிருந்தார். மற்ற துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்து, குழலுக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்து, திருப்பிச் சாத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "முப்பது வருஷமா இந்தக் கண்ணாடி இங்க இருக்குது. பன்னியப் பாத்துட்டு வர்றவன் குழலுக்குள்ள பாப்பான், சினிமாவப் பாத்துட்டு வர்றவன் கண்ணாடிக்குள்ள பாப்பான். சினிமாவுக்குப் போனது இவருன்னுதான் நெனச்சேன். நீங்களா?"

என் காது சூடாகிவிட்டது. இரட்டைக் குழலை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தேன்.

பாய் லைசென்ஸை வாங்கினார். முதல் பக்கத்தை வாசித்தார். திருப்பினார். இரண்டாம் பக்கத்தையும் வாசித்தார். நான் திருப்பாத பக்கம் அது.

"இதுல உங்ககூடச் சேர்ந்து துப்பாக்கி வெச்சுக்க இன்னொரு பேரு போட்டிருக்காங்களே. ராஜம்மா. யாருங்க அது?"

"என் சம்சாரங்க," என்றார் மாப்பிள்ளை. "துப்பாக்கி அவளுக்குத்தான்."

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் பேசினார். "போன வருஷம் படத்துக்குப் போனேன் மச்சான். மொத நாள் அவகிட்ட சொல்லிட்டுப் போனேன். ரெண்டாம் நாள் சொல்லிட்டுப் போனேன். மூணாம் நாள், கீழ்க்கொல்லைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டேன். கீழ பரண்ல ஆளில்லாமப் பன்னிங்க அதத் தின்னு தீத்துட்டு மேல ஏறியிருக்குது. தனியா இருந்தா. தகரத்த விட்டுட்டுத் தீப்பந்தத்தோட எறங்கப் போயி, விழுந்துட்டா. நான் அங்க மண்ணுல உக்காந்து, அந்தப் பொம்பள ஒத்தக் கையில சுடறத வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"அப்புறம் கொட்டாய்ப் பக்கமே போகலீங்க. ஆனா அந்தக் கை மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ராஜிக்கும் ஒரு கைதான் ஆவும். அந்த மாதிரி சின்னதா ஒண்ணு இருந்தா, அவ பயப்படாம உக்காந்திருப்பான்னு நெனச்சேன். சொன்னா வேணாம்னுடுவா. அதான் யாருகிட்டயும் சொல்லல."

அந்த பெல்ட்டு யார் இடுப்பு அளவு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கும் பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அந்த மனுஷனை எத்தனை கேலி செய்தேன்! கிராணி வேலையில் இருபது பேர் முன்னால் திட்டு வாங்கியபோதுகூட நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

பாய் எழுந்துபோய், பீரோவுக்குப் பின்னாலிருந்து கித்தான் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தார். ஒற்றைக் குழல். மங்கிப்போன மரம். பார்க்க ஊன்றுகோல் மாதிரி இருந்தது.

"கைத்துப்பாக்கி உங்களுக்குக் குடுக்க முடியாது. குடுத்தாலும் அது பன்னிக்குக் கொசுக்கடி. இது ஒரு துரைசானிக்காகக் கனம் கம்மியாச் செஞ்சது. ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனாங்க. தோள்ல வெக்கற பின்கட்டை குட்டை. எவனும் திரும்பிக்கூடப் பாக்கல, ஏன்னா இத வெச்சுக்கிட்டுக் கண்ணாடி முன்னால நின்னா எவனும் ராஜா மாதிரி இருக்க மாட்டான்."

பிறகு பாய் தம் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். உட்கார்ந்து, துப்பாக்கியை முழங்காலில் அழுத்தி வலது கையால் மடக்கித் திறந்தார். தோட்டா ஒன்றை உள்ளே போட்டார். முழங்காலாலேயே மூடினார். குழலை மேசை விளிம்பில் சாய்த்தார். தோளை முட்டுக் கொடுத்துக் குறி பார்த்தார். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்து காட்டினார். சினிமாக்காரி மாதிரி வேகம் இல்லை. ஆனால் ஒற்றைக் கைதான்.

"பரண்ல ஒரு கவைக் கொம்பு நட்டுக்குங்க. கொழல அதுல வெச்சுக்கட்டும். தோளுக்கு ஒரு பதர் மூட்ட. அவ்ளோதான்."

மாப்பிள்ளை அதே மாதிரி இடது கையை முதுகில் கட்டிக்கொண்டு செய்து பார்த்தார். தப்பினார். மறுபடி செய்தார். பன்னிரண்டு தடவை செய்தார். அவர் வீட்டுக்குப் போய் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் அல்லவா? போலீஸ் ஸ்டேஷனில் காட்டிப் பதிந்துகொண்டு நாங்கள் பஸ் ஏறியபோது அவருடைய வலது முழங்கால் சிவந்திருந்தது.

கித்தான் மூட்டையை ராஜம்மாவின் முன்னால் பிரித்தபோது அவள் முதலில் என்னைத்தான் முறைத்தாள். "இதயா வாங்கிட்டு வந்தே? மலாயாவுலேர்ந்து வந்து?"

"உனக்கு வாங்கியது," என்றேன். "காகிதத்தில் உன் பெயர் இருக்கிறது."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். அவரோ கொடுவாளை எடுத்துக்கொண்டு கவைக் கொம்பு வெட்டப் போய்விட்டார். ஆகவே நானே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் படத்தை அவள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தாள். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு வருஷமாகக் கொட்டகைக்குப் போகவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாது. "அப்ப அந்தப் படத்தையே பேசிப் பேசி என் உசுர வாங்கினது?" என்று ஆரம்பித்தவள், நடுவில் நிறுத்திவிட்டாள். இடது கையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலை வெளிச்சம் மங்குவதற்கு முன்பே மேல்கொல்லைக்குப் போனோம். மாப்பிள்ளை கொம்பை நட்டு, பதர் மூட்டையைக் கட்டி, எல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் பன்னிரண்டு தடவையில் கற்றதை அவள் நாலு தடவையில் கற்றாள். பிறகு நானும் அவரும் ஆளுக்கொரு தகரத்தோடு பரணுக்குக் கீழே பாறைமேல் உட்கார்ந்தோம். மலை மேலே பனி இறங்கியது. எனக்குப் பல் தந்தியடித்தது.

சூரியன் போய்ச் சிவப்பு மட்டும் மிச்சமிருந்த நேரத்தில் காட்டோரம் புதர் அசைந்தது. முதலில் ஒரு பெரிய கொம்பன் பன்றி, அதற்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டு. கொல்லைக்காரர்கள் இருப்பது தெரிந்தும் சொந்தக் களத்துக்கு வருவதுபோல் வந்தன. மாப்பிள்ளை தகரத்தைத் தட்டினார். கொம்பன் நின்று கேட்டது. பிறகு முதல் கதிரில் வாயை வைத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் தட்டினேன். இன்னொரு கதிரைத் தின்றது.

அப்போது மேலே வெடித்தது. மலைக்கு மலை போய் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. நான் பழக்கதோஷத்தில் பாறைக்குப் பின்னால் படுத்துவிட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது பன்றிகள் காட்டுப் பக்கம் போகாமல் சரிவில் கீழ்க்கொல்லையைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. "அங்க ஆளில்ல, ஓடுங்க!" என்று ராஜம்மா மேலிருந்து கத்தினாள். நாங்கள் தகரத்தை அடித்துக்கொண்டு, முள்ளையும் பாறையையும் பார்க்காமல் குறுக்கே ஓடினோம். மேலே இரண்டாவது வெடி கேட்டது. மந்தை அப்படியே திரும்பி, ஓடையைத் தாண்டிக் காட்டுக்குள் மறைந்தது. ஒரு பன்றிகூடச் சாகவில்லை. தின்றது பத்துக் கதிர் இருக்கும்.

மூச்சு வாங்கிக்கொண்டு மேல்கொல்லைக்குத் திரும்பினோம். என் ஜிப்பா கிழிந்துபோயிருந்தது. ராஜம்மா பரண்மேல் துப்பாக்கியை முழங்காலில் மடக்கி, சுட்ட தோட்டாவை வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்க்காமலே சொன்னாள்:

"சனிக்கிழம கொட்டாய்ல படம் மாத்துறாங்களாம். போயிட்டு வாங்க. ரெண்டு கொல்லைக்கும் கேக்கற மாதிரி நான் சுட்டுக்கறேன்."

மாப்பிள்ளை தகரத்தைக் கீழே வைத்தார். பரண் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தொந்தி குலுங்கக் குலுங்க அழுதார். ராஜம்மா அவரை அழவிட்டுவிட்டு, அடுத்த தோட்டாவை எடுத்து உள்ளே போட்டாள்.